வேப்பங்கட்டைப் பந்தயக் கார்

அண்ணை அதை என் இரண்டு கைகளிலும் வைத்து, "இந்தா, உன்ரை கார்" என்றார். நான் பார்த்தேன். முன்பக்கம் கூர்ந்து மேல்நோக்கி ஏறியது. அடிப்பக்கம் வயிறுபோல உருண்டிருந்தது. அந்த வயிற்றின் நடுவே, முன்னிருந்து பின்வரை ஒரு மேடு நேராக ஓடியது. சுறா எண்ணெய் மணம் வேறு மூக்கைத் துளைத்தது. "அண்ணை, இது கார் இல்லை. இது வள்ளம்" என்றேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தானும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாராம். அம்மா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஓமடி, சில்லு வைச்ச வள்ளம்தான்" என்று அவரே ஒப்புக்கொண்டார்.

எனக்கு நினைவு தெரியும் முன்பே ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. ஆகவே நான் "பார்த்தேன்" என்று எழுதும் இடங்களில் எல்லாம் கையால் பார்த்ததையே சொல்கிறேன். அது பிழை, "தடவினேன்" என்று எழுதுவதுதான் சரி என்று எனக்குத் திருத்தம் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சிறு வயதிலிருந்தே நான் கேட்ட கேள்விகளுக்கு எல்லாரும் தந்த மறுமொழி ஒன்றுதான்: கிட்டத்தட்ட இப்படி இருக்கும். கப்பல் கிட்டத்தட்ட வீடு மாதிரி. யானை கிட்டத்தட்ட மாடு மாதிரி, ஆனால் பெரிது. அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கோ அந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும்.

எங்கள் வீடு குருநகரில் கடற்கரையை ஒட்டியது. அப்பா கடலுக்குப் போனவர். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அண்ணை ஓடாவி. வள்ளம் கட்டுவதும் பழுதுபார்ப்பதும்தான் ஓடாவியின் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அப்பாவுக்குரிய அதட்டல்களையும் அவரே பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்தால் ஊரே ஓய்ந்திருக்கும். அப்படியான பின்னேரங்களில்தான் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் நடக்கும். மதிலோடு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேனென்றால் என்னை எழுப்ப முடியாது. ஒவ்வொரு காரும் கிட்ட வரும்போது சத்தம் ஏறிக்கொண்டே வந்து, கடந்ததும் சட்டென்று இறங்கும். வெறும் இரைச்சல் என்று மற்றவர்கள் சொன்னதற்குள் எனக்குப் பெரிய சண்டையே கேட்டது. ஆங்கில வர்ணனையை மனத்தில் வாங்கி, அதை உடனே தமிழில் அண்ணைக்குச் சொல்லுவேன். அவர் வலை முடிச்சையோ உளியையோ கையில் வைத்துக்கொண்டு, "பிறகு? பிறகு?" என்று கேட்பார்.

அந்தப் "பிறகு"வை நம்பித்தான் வானொலிக்குப் போனேன். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. படித்து முடித்து வீட்டில் இருந்தேன். இனி வீட்டிலேயேதான் இருப்பேன் என்று சொந்தக்காரர் எல்லாரும் முடிவுசெய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து வானொலி நிலையம் ஒன்று விளையாட்டு நிகழ்ச்சிக்குக் குரல் தேடுவதாகக் கேள்விப்பட்டதும், அண்ணையின் சைக்கிள் கரியரில் ஏறி அமர்ந்து போனேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அமைதியான குரல் கொண்டவர். பேசச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பந்தயத்தின் கடைசிச் சுற்றை வர்ணித்தேன். "கதவோடு கதவு உரச இரண்டு கார்களும் வளைவுக்குள் நுழைகின்றன" என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, பந்தயக் காருக்குக் கதவு இல்லை" என்றார். "சரி, சில்லு எங்கை இருக்கும்?" என்று கேட்டார். "காருக்குக் கீழை" என்றேன். எனக்குத் தெரிந்த கார் ஊரில் ஓடிய பழைய வாடகைக் கார்தான். அதன் சில்லு உடம்புக்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். அவர் மறுபடி சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "நீர் நல்லாக் கதைக்கிறீர். குரலும் நல்லம். ஆனா கேக்கிற ஆக்கள் பந்தயம் பாக்கிறவை. முதல்லை காரைத் தெரிஞ்சுகொண்டு வாரும், பிறகு கதைப்பம்" என்றார். இன்று நினைத்தால் அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அன்றோ அந்தக் கட்டடத்தை உடைக்கவேண்டும்போல இருந்தது.

திரும்பி வரும் வழி முழுவதும் கரியரில் இருந்தபடி அண்ணையின் முதுகோடு சண்டை பிடித்தேன்.

"கதவு இல்லையெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

"இருக்குதெண்டு நினைக்கிற ஒண்டைப் பற்றி ஆர் கேப்பினம்?"

சைக்கிளை நிறுத்திவிட்டார். பின்னால் வந்தவர் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனது கேட்டது. "இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?" என்றார். "எனக்கு அந்தக் காரைக் காட்டுங்கோ" என்றேன். யாழ்ப்பாணம் முழுவதும் தேடினாலும் பந்தயக் கார் கிடையாது. கடைகளில் விற்கும் விளையாட்டுக் கார்களைப் பார்த்தோம். ஒன்றில் கதவு இருந்தது, இன்னொன்று அமுக்கினால் நசுங்கியது. அண்ணை எல்லாவற்றையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் செய்யிறன்" என்றார்.

பண்டத்தரிப்பில் ஒரு வளவில் காற்றுக்கு வேம்பு ஒன்று விழுந்துகிடந்தது. வேம்பு செதுக்க நல்லது, பூச்சியும் அரிக்காது என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அறுத்துப் பார்த்தால் பெரும்பகுதி உள்ளே இற்றுப்போயிருந்தது. தேறியது என் கை நீளத்துக்கு ஒரு துண்டு. அது போதும் என்றார். ஒரே கட்டையில்தான் செய்வேன், ஆணியும் இல்லை பசையும் இல்லை என்று அவர் தனக்கு ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டார். ஒட்டுப்போட்ட இடத்தால்தான் தண்ணீர் வரும் என்பது அவருடைய தொழிலின் பயம், காருக்கும் அதே பயம். நான் ஒரு நிபந்தனை போட்டேன். "என்ரை கைக்குப் பொய் சொல்லக் கூடாது. ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லுங்கோ. கிட்டத்தட்டச் செய்து தரவேண்டாம்." "ஓம்" என்றார்.

அவருக்கு ஓய்வுநாள் ஞாயிறு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை உளி பிடிப்பது அம்மாவுக்கு அடியோடு பிடிக்காது. "கடவுளே ஓய்ந்திருந்த நாளிலை உவன் கொத்துறான் பார்" என்று முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போடுவார். "இது வேலை இல்லையணை, விளையாட்டு" என்பார் அண்ணை. "உவனுக்கும் விசர், உனக்கும் விசர்" என்று எனக்கும் ஒரு பங்கு வரும். அப்படி ஏச்சுக் கேட்டுக் கேட்டுச் செய்து முடித்ததுதான் அந்த முதல் கார், அந்த வள்ளம்.

எப்படி அப்படியானது என்று பிறகு யோசித்து யோசித்துச் சிரித்திருக்கிறோம். அவர் பார்த்துச் செய்த ஒரே படம் மேலிருந்து எடுத்தது. காரின் அடி எப்படி இருக்கும் என்று அதில் இல்லை. அடி தெரியாத ஒன்றை ஓடாவியிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? வாழ்நாள் முழுதும் செய்ததையே செய்வார். தண்ணீரைக் கிழிக்க மூக்கை உயர்த்தினார், சரியாமல் இருக்க அடியை உருட்டினார், நேராக ஓட நடுவில் ஏரா என்ற அடிமேட்டை வைத்தார். எல்லாம் முடிந்ததும், வள்ளத்துக்குப் பூசுவதுபோல மரம் குடிக்கும்வரை சுறா எண்ணெய் பூசினார். அதற்குப் பிறகு அதில் எந்தச் சாயமும் ஒட்டாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கை தன் பாட்டில் போய்ப் பூசிவிட்டது. அன்றைக்கு அந்தக் காரை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் வர, அயலட்டைப் பூனைகள் எல்லாம் வந்து அதை நக்கிக்கொண்டிருந்தன.

அம்மா இத்தோடு இது முடிந்தது என்று நினைத்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. அண்ணையோ அடுத்த நாளே இணையம் பார்க்கும் நெற் கபேக்குப் போய், முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் கீழிருந்தும் எடுத்த படங்களை அச்செடுத்துக்கொண்டு வந்தார். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவுகளைக் குறித்தார். ஒரு காரின் நீளத்தில் சில்லு எத்தனை பங்கு, மூக்கு எத்தனை பங்கு என்று என்னிடம் சொல்லுவார். நான் மனத்தில் வைத்திருந்து பிசகினால் பிடிப்பேன். ஆனால் கட்டை? நல்ல துண்டின் பெரும்பகுதியை வள்ளம் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு சாண் சொச்சம்தான். முதற்காரைவிட அரைவாசிக் கார்தான் அதற்குள் வரும். "பரவாயில்லை, சின்னனெண்டாலும் பங்கு பிசகாது" என்றார்.

அதன் பிறகு அந்த வேலை அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. பெரிய உளியை வைத்துவிட்டுச் சின்ன உளிகளைத் தானே தீட்டிச் செய்துகொண்டார். வள்ளப்பலகை கொத்திய கை அது. அதற்குத் தயிர் கடைவதுபோல மெதுவாகத் தட்டப் பழக்கவேண்டியிருந்தது. நான் பக்கத்தில் சாக்கில் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தட்டல் சீராக வந்தால் மரம் சொன்னபடி கேட்கிறது. நின்றால் அவர் யோசிக்கிறார். "ச்சீ" என்றால் ஏதோ தெறித்துவிட்டது. வேப்பம் தூள் காற்றில் வந்து உதட்டில் படிந்து கசக்கும். ஒருநாள் பின் இறக்கையின் ஓரம் உடைந்தது. அண்ணை எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, உடைந்த அளவுக்கு முழுக் காரையும் சுற்றிச் சீவத் தொடங்கினார். பங்கு பிசகக் கூடாதாம். கார் இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

ஒரே ஒரு தடவை அவராகவே வந்து ஒத்துக்கொண்டார். பந்தயக் காரின் சில்லுகள் உடம்புக்கு வெளியே நிற்கும்; மெல்லிய கம்பிகள்தான் அவற்றைப் பிடித்திருக்கும். "அதை அந்த மெல்லிசுக்கு மரத்திலை செய்யேலாது. உடையும். நான் பென்சில் தடிப்பிலை விட்டிருக்கிறன். உண்மையிலை அது இன்னும் மெல்லிசு. தெரிஞ்சுகொள்" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் கெட்டியானது. பொய் இருந்தால் சொல்லிவிடுவார். சொல்லாத இடமெல்லாம் உண்மை.

அந்தக் கார் கைக்கு வந்த நாளை நான் மறக்கமாட்டேன். அம்மா கூட அடுப்படி வேலையை விட்டு வந்து நின்றார். மூக்கு தாழ்ந்து, ஒடுங்கி, நிலத்தை மோப்பம் பிடிப்பதுபோல இருந்தது. அதன் குறுக்கே அகலமான முன் இறக்கை. நான்கு சில்லுகளும் வெளியே, பின்னிரண்டும் பருத்து. அடி தட்டை, மேசைபோலத் தட்டை. கதவு இல்லை. நடுவில் ஓட்டுநர் அமரும் குழி. ஆட்காட்டி விரலை உள்ளே விட்டேன். விரல் சுகமாக இறங்கியது. அடியில், அதே கட்டையில் செதுக்கிய குட்டி ஸ்டேரிங். அதை விரல் நுனி தொட்டபோது என்னை அறியாமல் அழுதுவிட்டேன். இத்தனை வருடம் மதிலுக்கு அப்பால் கத்திக்கொண்டு ஓடியது இதுதான். "என்னடி, திரும்பவும் வள்ளமோ?" என்று அண்ணை பயந்துபோய்க் கேட்டார். "இல்லை அண்ணை. கார்" என்றேன்.

வானொலி நிலையத்துக்கு மறுபடி போனபோது காரைப் பையில் கொண்டுபோனேன், ஆனால் வெளியே எடுக்கவில்லை. முதலில் பேசினேன். சில்லோடு சில்லு உரசவைத்தேன். மூக்கை முன்னாலிருப்பவரின் பின் இறக்கைக்குக் கீழே நுழைத்தேன். வளைவில் காற்று காரை நிலத்தோடு அமுக்குவதைச் சொன்னேன். பொறுப்பாளர் எதுவும் கேட்கவில்லை. "அடுத்த கிழமையிலையிருந்து வாரும்" என்றார். பிறகுதான் காரைக் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதை இஞ்சை விட்டிட்டுப் போறீரோ?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன்.

அன்று தொடங்கியது இன்றுவரை ஓடுகிறது. நேயர்கள் பலருக்கு எனக்குப் பார்வையில்லை என்பதே தெரியாது, தெரிந்தவர்கள் நம்புவதில்லை. இப்போது அம்மா இல்லை. அண்ணையின் குரல் கம்மிவிட்டது, எழுந்தால் முழங்கால் நெரிகிறது. பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறார். அந்த வேலையையும் அதே பிடிவாதத்தோடுதான் செய்கிறார். கார் என் மேசையில் இருக்கிறது. நிகழ்ச்சிக்குப் போகும் முன் ஒருமுறை அதை மூக்கிலிருந்து வால்வரை பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம். உலகத்தில் "கிட்டத்தட்ட" என்ற சொல் ஒட்டாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. மறைப்பானேன், அந்தத் திமிரில்தான் இவ்வளவு காலமும் பேசினேன்.

இந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு, வாகனம் விற்கும் நிறுவனம் ஒன்று ஓய்வுபெற்ற பந்தயக் காரைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அண்ணைதான் செய்தி கொண்டுவந்தார். "போவமோ?" என்று கேட்ட குரலில் என்னைவிட அவருக்குத்தான் பதற்றம் அதிகம். அங்கே காரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தொடக் கூடாது என்றார் காவலுக்கு நின்ற இளைஞர். "எல்லாரும் பாத்துக்கொண்டுதானே போகினம்? நானும் பாக்கத்தான் வந்தனான்" என்றேன். அவர் யாரையோ கேட்டுவிட்டு வந்து கயிற்றைத் தூக்கினார்.

மூக்கில் தொடங்கினேன். தாழ்வு சரி. முன் இறக்கை சரி. சில்லைப் பிடித்திருந்த கம்பி அண்ணை சொன்னபடியே மெல்லிசு. அடுத்தது என்ன வரும் என்று கை போகும் முன் நான் வாயால் சொல்லிக்கொண்டு போனேன். சுற்றி ஆட்கள் சேர்வது கேட்டது. பக்கவாட்டு வளைவு, பின் சில்லின் பருமன், இறக்கையின் உயரம், எல்லாம் என் மேசையில் இருப்பதுதான், வளர்ந்து நின்றது. பிறகு கை நடுவுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. ஓட்டுநரின் குழியின் விளிம்பை ஒருமுறை சுற்றினேன். மறுமுறை சுற்றினேன். என் கணக்கின்படி கை இன்னும் எவ்வளவோ தூரம் போயிருக்கவேண்டும். இதற்குள் ஒரு ஆள் தோளை ஒடுக்கிச் சொருகித்தான் இறங்க முடியும். ஓட்டுநர் சாய்கதிரையில் இருப்பதுபோல வசதியாக இருப்பார் என்று நான் எத்தனை தரம் வானொலியில் சொல்லியிருப்பேன்!

"அண்ணை, இது சின்னன்" என்றேன்.

"ஓம்."

"உங்கடையிலை பெரிசு."

"ஓம்."

"தெரிஞ்சோ செய்தனீங்கள்?"

"தெரிஞ்சுதான்."

எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. சுற்றி நின்றவர்களைப் பற்றிக்கூட யோசிக்கவில்லை. "என்ரை கைக்குப் பொய் சொல்லமாட்டன் எண்டு சொன்னனீங்கள்" என்றேன். அண்ணை கிட்ட வந்தார். அந்தக் கம்மிய குரல் இன்னும் தணிந்திருந்தது.

"மிஞ்சின கட்டையிலை அவ்வளவு கார்தான் வந்தது. அளவுக்கு அதைக் குடைஞ்சா உன்ரை சுண்டுவிரலும் உள்ள போகாது. நீ ஸ்டேரிங்கைப் பாக்கோணுமே. உன்ரை விரலை அளந்துதான் குடைஞ்சனான்."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"சொன்னா விடுவியோ? அளவுக்குத்தான் வேணும், விரல் போகாட்டிப் பரவாயில்லை எண்டு நிண்டிருப்பாய்."

உண்மைதான். நின்றிருப்பேன். ஒரு பொத்திய குழியை இத்தனை வருடமும் பெருமையோடு மேசையில் வைத்திருந்திருப்பேன், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே. அந்தக் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் இருந்தது, அதனோடு இன்னொன்றும் புரிந்தது. கதவும் படியும் காசும் பொத்தானும், இந்த ஊரில் நான் தொடும் எல்லாமே பார்க்கிறவர்களின் அளவுக்குச் செய்தவை. இந்த ஒரு குழி என் விரலின் அளவுக்குச் செய்தது.

அடுத்த நிகழ்ச்சியில் முதல் வேலையாக நேயர்களிடம் திருத்தம் சொன்னேன்: ஓட்டுநரின் இடம் நான் சொல்லிவந்ததுபோல வசதியானதல்ல, தோளை ஒடுக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். எப்படித் தெரியும் என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணையை எதிரே இருத்தி, மேசைக் காரை எடுத்து அதன் குழிக்குள் விரலை விட்டேன். அன்றைய விரல் இல்லை இது, தடித்துவிட்டது. விளிம்பில் இறுகி, திருகித்தான் உள்ளே இறங்கியது. அண்ணை அதைக் கவனித்திருக்கவேண்டும், மெல்லச் சிரித்தார்.

"பாத்தியோ, இப்ப அளவு சரியா வந்திட்டுது. இதோடை விடுவமோ?"

"விடேலாது" என்றேன். "பெரிய கட்டையாப் பாருங்கோ."

முழங்கால் நெரிபடும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டார். "புத்தூரிலை ஒரு வேம்பு தறிக்கினமாம். நாளைக்கு வெள்ளெனப் போவம். நீயும் வா, உள்ளுக்கை இத்திருக்கோ எண்டு தட்டிப் பாக்க உன்ரை காது வேணும்" என்றார்.